தெற்கே போகாத ஆறு

உலகத்து ஆறுகள் எல்லாம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகின்றன என்று ஐம்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. யாரும் மறுத்ததும் இல்லை. ஐராவதி அப்படித்தான் ஓடுகிறது. சிட்டாங்கும் சல்வீனும் அப்படித்தான். வடக்கே மலையில் பிறந்து தெற்கே கடலில் விழுகின்றன. தேசப்படத்தைச் சுவரில் மாட்டினால், கூரையில் ஒழுகிய மழைத்தண்ணீர் சுவரில் இறங்குவது போலவே இருக்கும். வடக்கு மேலே இருக்கிறது, தண்ணீர் மேலிருந்து கீழே வரும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

வெட்கக்கேடு என்னவென்றால், நான் பிழைப்பதே ஆற்றை வைத்துத்தான். ரங்கூன் என்று நம்மவர்கள் சொல்லும் யாங்கோனில், கியாக்டடா பகுதியில், யாங்கோன் ஆற்றின் பன்சோடான் படகுத்துறைக்கு அடுத்த தெருவில், ஐராவதியில் சரக்குப் படகு விடும் ஒரு சின்னக் கம்பெனியில் முப்பது வருஷமாகக் குமாஸ்தா. எந்த மாதம் எந்த வளைவில் மணல் திட்டு எழும், எந்தப் படகு எங்கே தட்டி நிற்கும் என்பதெல்லாம் என் மேசைக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். படகில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும்.

என் மனைவியின் ஒரே தம்பி கப்பலில் இரண்டாம் எஞ்சினியர். யாங்கோனில் தெருவுக்கு நாலு பேர் கப்பலுக்குப் போகிறார்கள். எங்கள் வீட்டுப் பங்குக்கு அவன். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவனுடைய கப்பல் ரஷ்யாவின் வடக்கு மூலையில், வடக்கு திவினா என்ற ஆற்றுக்குள், மரப்பலகை ஏற்றப் போனது. போன இடத்தில் எஞ்சின் படுத்துவிட்டது. உதிரிப்பாகம் வந்து சேர்வதற்குள் ஆறு உறைந்துவிடும் என்றார்கள். ஆர்க்காங்கெல்ஸ்க் என்ற ஊருக்கு எதிரே, ஆற்றுக்குள் இருக்கும் ஒரு தீவின் பழுதுபார்க்கும் துறையில் கப்பலைக் கட்டிப்போட்டார்கள். மற்றவர்கள் ஊர் திரும்பலாம், காவலுக்கு நாலு பேர் மட்டும் விரும்பினால் தங்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அவன் போன் பண்ணிக் கேட்டான். "வந்துடு தம்பி" என்றாள் மனைவி. நான் போனைப் பிடுங்கினேன்.

"மச்சான், அது என்ன கடலா? ஆறுதானே! கட்டிக் கெடக்குற கப்பல்ல உக்காந்து சம்பளம் வாங்குறதுக்கு யாராச்சும் யோசிப்பாங்களா? எனக்குக் குடுத்தா நாளைக்கே கெளம்பி வருவேன்."

"அத்தான், நீங்க அக்கரைல இருக்குற டலாவுக்குப் போற படகுலயே வாந்தி எடுத்தவரு."

"அது வேற. அன்னிக்குக் காலைல தின்ன மொஹிங்கா நூடுல்ஸ் சரியில்ல."

சிரித்தான். தங்கிவிட்டான். அவன் அந்தக் குளிரில் இருந்தது என் வாயால். இதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நாலு நாள் என்னைத் தின்றது இந்த ஒன்றுதான்.

ஆறு உறைவதை அவன் போனிலேயே காட்டினான். முதலில் கஞ்சி போல ஒரு குழைவு மிதந்து வந்தது. பிறகு தாமரை இலை போல வட்ட வட்டமான தட்டுகள், ஓரம் மட்டும் வெள்ளையாக, ஒன்றையொன்று இடித்துச் சுற்றிக்கொண்டே வந்தன. ஒரு நாள் காலையில் எல்லாம் நின்றுவிட்டது. அக்கரை வரைக்கும் தரை. கீழே தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, நின்றது மேல்தோல் மட்டும்தான் என்றான். தின்கன்ஜூனில் எங்கள் வீட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இதைப் பார்த்தபோது எனக்கு வாயில் ஜோக் எதுவும் வரவில்லை. என் வீட்டில் இது அபூர்வம்.

மார்கழியில் அந்தத் தரை மேல் பலகை பரப்பி நடைபாதை போட்டுவிட்டார்கள். பாதையோரம் விளக்குக் கம்பம்! தீவுக்காரர்கள் கைவண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டு, சந்தைப் பையோடு, ஆற்றின் மேல் நடந்து ஊருக்குப் போனார்கள். சூரியன் முற்பகலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நாம் மத்தியான தேநீர் குடிக்கிற நேரத்துக்குப் போய்விடுமாம். அந்தக் கொஞ்ச வெளிச்சத்தில் ஆற்றின் நடுவே ஆட்கள் பெட்டி போட்டு உட்கார்ந்து, துளை போட்டு மீன் பிடித்தார்கள். மச்சான் அவர்களில் ஒருவரோடு சிநேகமாகி, தினம் போய் உட்கார ஆரம்பித்தான்.

"வசந்தத்துல ஒரு மீன் வருமாம் அத்தான். வெள்ளரிக்கா வாசம் அடிக்குமாம்."

"மீன்லயா? அப்ப வெள்ளரிக்கால என்ன வாசம் அடிக்கும்?"

"நீங்க வந்து மோந்து பாருங்க."

இதையெல்லாம் படகுத்துறைப் பக்கத்து லப்பெயே டீக்கடையில் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு தேநீருக்கு ஒரு தகவல் என்று விநியோகம் செய்தேன். தெற்கே இரண்டு ஆறுகள் ஒரு பழைய ஊரில் கூடி இந்த ஆறாகின்றன. கிழக்கிலிருந்து இன்னொரு பெரிய ஆறு வந்து சேருகிறது. இந்த ஊருக்கு வரும்போது பல கிளையாகப் பிரிந்து தீவுகளைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு காலத்தில் அவ்வளவு பெரிய தேசத்துக்கும் கடலைப் பார்க்க இந்த ஒரு வாசல்தான் இருந்தது. இங்கிலீஷ்காரன் அந்த வழியாகத்தான் துணி கொண்டு வந்தான், கயிறும் தாரும் தோலும் வாங்கிப் போனான். ராஜா அதே தீவுகளில் ஒன்றில் கப்பல் கட்டும் துறை வைத்தார். மேலே காட்டில் வெட்டிய மரத்தைத் தெப்பமாகக் கட்டித் தண்ணீரில் விட்டால், அது தானாகவே ஊருக்கு வந்து ரம்ப ஆலைக்குள் நுழையும். எங்கள் ஐராவதித் தேக்கு மாதிரியே. இத்தனையும் நான் கையை ஆட்டிச் சொன்னவை.

கவனித்தீர்களா? இரண்டு ஆறு கூடுவது தெற்கே. கிளை பிரிவது வடக்கே. இங்கிலீஷ்காரன் கடலிலிருந்து வருகிறான். கடல் இருப்பதும் வடக்கே. எல்லாவற்றையும் என் வாயாலேயே சொன்னேன், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. போனில் தேசப்படத்தைத் திறந்தால் ஊருக்கு மேலே 'வெள்ளைக் கடல்' என்று இருந்தது. வெள்ளை என்றால் பனி. எங்கள் வடக்கெல்லையில் கச்சின் பக்கத்துப் பனிமலையில் ஐராவதி பிறக்கிற மாதிரி, இது அந்த வெள்ளையில் பிறந்து கீழே இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டேன். அப்படியானால் கப்பல் எந்த வழியாக உள்ளே போனது? தெற்கேயும் ஏதாவது கடல் இருக்கும், ரஷ்யாவிடம் இல்லாததா என்று விட்டுவிட்டேன்.

ஆகவே என் கணக்குப்படி மச்சான் ஆற்றின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். வெள்ளம் வந்தால் அவனை விட்டு விலகிப் போகும். இதை மனைவியிடம் பலமுறை விளக்கினேன். சோற்றுக் கரண்டியால் மேசையில் கோடு போட்டுக்கூடக் காட்டினேன். அவள் கோட்டைத் துடைத்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

சித்திரை பிறந்தது. யாங்கோனில் தண்ணீர்த் திருவிழா முடிந்து, தார் உருகுகிற வெயில். மின்சாரம் விருந்தாளி மாதிரி வந்துபோனது. அங்கே நடைபாதைப் பலகைகளைப் பெயர்க்க ஆரம்பித்துவிட்டார்கள், இனி யாரும் ஆற்றில் கால் வைக்கக்கூடாது என்று மச்சான் சொன்னான். ஆற்றின் மேல் கறுப்பு மணல் தூவுகிறார்களாம், வெயிலை இழுத்துச் சீக்கிரம் உருக. சில இடங்களில் ஐஸைக் கோடு போட்டு ரம்பத்தால் அறுக்கிறார்களாம், நாம் துணி தைக்கும்முன் மடிப்புக் கோடு போடுவது போல, உடையும்போது அந்தக் கோட்டில் உடையட்டும் என்று. ஆற்றுக்கு அளவெடுத்து வெட்டுகிற ஜனங்களைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

பிறகு ஒரு மாலை கூப்பிட்டான். குரலில் அவசரம் இருந்தது.

"மேல உஸ்தியூக்ல ஐஸ் உடைஞ்சிருச்சாம் அத்தான். தெருவுல தண்ணியாம்."

படத்தைப் பார்த்தேன். உஸ்தியூக் தெற்கே, வெகு தூரத்தில், அந்த இரண்டு ஆறுகள் கூடுகிற ஊர். தெற்கே இருப்பதை மேலே என்கிறானே, பாவம், குளிரில் மூளையும் உறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"ரொம்ப நல்லது மச்சான். நம்மளத் தாண்டிப் போயிருச்சு."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். இங்கே மின்சாரம் போனது, அதோடு இணையமும் போனது. அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து லப்பெயே கடையில் இந்தத் தகவலை விநியோகித்தேன். எதிரே எங்கள் கம்பெனிப் படகின் சுக்கான் பிடிப்பவர். பர்மியர், என்னைவிட நாலு வயது சின்னவர், அதனால் என்னை 'அகோ', அண்ணன், என்பார். கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்து அவருடைய பெரிய படகு ஓடாததால், அந்த மாதம் முழுக்க அந்த ஸ்டூல்தான் அவருக்கு உத்தியோகம். தேநீரைத் தட்டில் ஊற்றி ஊதிக்கொண்டே கேட்டார்.

"அகோ, கப்பல் எங்கிருந்து ஆத்துக்குள்ள போச்சு?"

"கடல்லேருந்து."

"கடல் எங்க?"

போனை நீட்டி, ஊருக்கு மேலே விரலை வைத்தேன். வைத்த விரல் அங்கேயே நின்றது.

"கடல்ல பொறந்து மலைக்கு ஓடுற ஆறு ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க. நான் அங்க படகு ஓட்டுறேன், டீசல் மிச்சம்."

கடையே சிரித்தது. அடுப்படியில் நின்றவன்கூடச் சிரித்தான். ஆனால் சுக்கான்காரர் சட்டென்று நிறுத்திவிட்டார். தட்டை வைத்துவிட்டுப் படத்தை வாங்கித் தெற்கிலிருந்து வடக்கே விரலால் மெதுவாக ஒருமுறை இழுத்தார்.

"அப்படீன்னா மேல்பக்கம் சூடு முதல்ல வரும். அங்க உடையும். உடைஞ்சதும் தண்ணியும் சேந்து கீழ வரும். கீழ்ப்பக்கம் இன்னும் உறைஞ்சு கெடக்கும். கதவு சாத்தியிருக்குற வீட்டுக்குள்ள ஊரே ஓடி வந்தா எப்படி?" என்றவர், படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "என்ன ஆறு இது" என்றார். முப்பது வருஷம் தண்ணீரில் நின்ற மனிதர் அதைச் சொன்ன விதத்தில் மீதி எனக்கு விளங்கிவிட்டது. கதவோரம் நிற்பவன் என் மச்சான்.

அதன் பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல என் மரியாதை இடம் கொடுக்காது. மச்சானின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் ஒரு ரஷ்யப் பெண் ஏதோ சொன்னாள். அவள் குரலில் துக்கம் இருந்ததாக எனக்குப் பட்டது. எல்லாருக்கும் அதே குரலில்தான் சொல்லுவாள் என்பது அப்போது தோன்றவில்லை. கப்பல் ஏஜெண்ட் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். "தெரிஞ்சா சொல்றோம்" என்றார்கள். தெரிந்து சொல்ல என்ன இருக்கும் என்று அதற்கும் ஒரு பயம் சேர்ந்துகொண்டது. ஆபீசில் ஒரு படகின் சரக்குச் சீட்டில், போய்ச் சேரும் ஊர் என்ற இடத்தில் ஆர்க்காங்கெல்ஸ்க் என்று எழுதிவிட்டேன். மண்டலேக்குப் போக வேண்டிய உப்பு.

மறுநாள் சூலே பகோடா என்ற புத்தர் கோயிலுக்குப் போனேன். நாங்கள் இந்துக்கள்தான், ஆனாலும் யாங்கோனில் பிறந்தவனுக்குக் கஷ்டம் வந்தால் கால் அங்கேயும் போகும். அவரவர் பிறந்த கிழமைக்கு ஒரு மூலை உண்டு. அங்கே இருக்கும் சிலைக்கு வயதைவிட ஒன்று கூட்டி, அத்தனை கிண்ணம் தண்ணீர் ஊற்ற வேண்டும். மச்சான் செவ்வாய்க்கிழமை, தென்கிழக்கு மூலை. ஆனால் ஆள் வடக்கே அல்லவா இருக்கிறான்? ஆற்று விஷயத்தில் திசையைத் தவறவிட்ட மாதிரி இதிலும் விட்டுவிடக்கூடாது என்று வடக்கு மூலைக்குப் போய், வெள்ளிக்கிழமைக்காரர்களோடு நின்று ஊற்ற ஆரம்பித்தேன். அவனுக்கு முப்பத்தெட்டு வயது, ஆக முப்பத்தொன்பது கிண்ணம்.

இருபத்தைந்தாவது கிண்ணத்தில்தான் உறைத்தது. வெள்ளத்தில் மாட்டியிருப்பவனுக்காக நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

கை அந்தரத்தில் நின்றது. ஊற்றினால் ஆற்றில் ஏறுமோ, நிறுத்தினால் குறையாகுமோ? பக்கத்தில் பூ வைத்திருந்த அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன கிழமை உங்களுக்கு?"

"சனி."

"சனிக்கு இங்க என்ன வேலை? தென்மேற்கு அந்தப் பக்கம்."

"எனக்கில்ல. மச்சானுக்கு."

"அவரு வெள்ளியா?"

"செவ்வாய்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வீட்டுல யாராச்சும் இருக்காங்களா உங்களப் பாத்துக்க?" என்றாள்.

வீட்டில் இருந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறு வடக்கே ஓடுகிறது, நான் சொன்னதெல்லாம் தலைகீழ், கதவு சாத்தியிருக்கிறது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"ஐப்பசிலேருந்து. தம்பிகிட்டயே கேட்டேன்."

"அப்புறம் ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க தூங்குவீங்களா? நீங்க தூங்கலன்னா இந்த வீட்டுல யாரு தூங்குறது? ஆறு மாசம் நிம்மதியா இருந்தீங்களே, அது போதும்னு விட்டுட்டேன்." அரிசித் தண்ணீரை வடித்துவிட்டுச் சொன்னாள். "அதில்லாம, தெனம் ஆபீஸ் ஜன்னல்ல பாக்குறீங்க. கடல் ஏறும்போது நம்ம யாங்கோன் ஆறே வடக்க பாத்துத்தான் ஓடுது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ."

முப்பது வருஷம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. அந்த ஜன்னலுக்குத் திரைச்சீலைகூடக் கிடையாது.

பிறகு அவள் பானையை அடுப்பில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "நீங்கதானே அவன இருக்கச் சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன்.

அடுத்த இரண்டு நாளும் ஆபீஸ் ஜன்னலில் நின்றேன். பழுப்புத் தண்ணீர், ஆகாயத்தாமரைக் கொத்துகள். காலையில் கடலை நோக்கிப் போன கொத்துகள் மத்தியானம் நின்று, யோசித்து, மெதுவாகத் திரும்பி வடக்கே போயின. சுக்கான்காரர் வந்து பக்கத்தில் நின்றார், கேலி பண்ணவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் மாலை தெருப்பிள்ளைகள் "மீ லாபி!" என்று கத்தினார்கள். மின்சாரம் வந்தால் யாங்கோன் முழுக்க அப்படித்தான் கத்தும். விசிறி சுற்றியது, இணையம் வந்தது, போன் அடித்தது.

"அத்தான், சாப்டீங்களா?"

மனைவி போனை வாங்கி, "இருக்கியாடா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்தாள். அவன் தான் எடுத்த வீடியோக்களைக் காட்டினான்.

தீவின் கரை. கரையோரம் தீவு ஜனங்கள், கிழவர்கள், நாய்கள், பிள்ளையைத் தோளில் வைத்தவர்கள். எல்லாரும் திருவிழாவுக்கு வந்த மாதிரி ஆற்றையே பார்த்து நிற்கிறார்கள். ஆறு முழுக்க, இக்கரையிலிருந்து அக்கரை வரைக்கும், நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் தெரு அகலத்துக்கு ஒரு தட்டு, சந்தைக் கூரை அளவுக்கு ஒரு தட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நிமிர்ந்து நின்று, பச்சையாக ஒருமுறை மின்னிவிட்டுச் சாய்ந்தன. பெரிய சத்தம் வரும் என்று காதைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். வந்தது கண்ணாடி வளையல்களை மூட்டையில் போட்டு யாரோ இழுத்துக்கொண்டு போகிற சத்தம். நிற்காமல், அவசரமில்லாமல், அது பாட்டுக்கு.

அந்தத் தட்டுகளில் ஒன்றில் நடைபாதையின் ஒரு துண்டு இருந்தது. பெயர்க்காமல் விட்ட நாலு பலகை, ஒரு விளக்குக் கம்பம் நேராக நின்றபடி. குளிர்காலம் முழுக்க மச்சான் சந்தைப் பையோடு நடந்து போன அதே பாதை, அவன் எதிரில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இன்னொரு தட்டில் மீன்காரர்கள் போட்ட துளைகள், காலடிகள், சறுக்குவண்டித் தடம். ஒரு குளிர்காலத்தை ஆறு அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு வடக்கே போனது.

"மறுபடியும் காட்டு" என்றேன். காட்டினான். மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவை மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்குக் கம்பம் திரையின் ஓரத்துக்குப் போய் மறைகிற வரைக்கும் இருவரும் பார்த்தோம்.

உண்மையில் நடந்தது இது. ஐஸ் உடைக்கும் கப்பல்கள் கடல் பக்கத்திலிருந்து ஏறி வந்து, வெள்ளம் வருவதற்குள் கதவை உடைத்துத் திறந்து வைத்திருந்தன. தண்ணீர் தீவின் துறையில் மேல்படிக்கு இரண்டு படி கீழே வரைக்கும் ஏறி, பிறகு இறங்கிவிட்டது. கப்பலின் கயிறு ஒன்றுகூட அறவில்லை. ஐஸ் போகும் வரை படகு ஓடாததால் தீவிலிருந்து யாரும் அக்கரைக்குப் போக முடியவில்லை. மச்சானின் போனில் காசு தீர்ந்திருந்தது, போனுக்குக் காசு போடும் கடை அக்கரையில் இருந்தது. ஐந்தாம் நாள் இழுவைப் படகு ஓடியது. அவன் அதில் ஏறிப் போய்ப் போனுக்குக் காசு போட்டான், ஒரு பை நிறைய வெள்ளரிக்காய் வாசம் அடிக்கும் மீன் வாங்கினான், கடை வாசலில் நின்று எங்களைக் கூப்பிட்டான்.